சிறுநீர்ப்பைக் காயத்துக்கு டயக்னோசிஸ் கோட் உண்டு, அதைத் தைத்ததற்கு சிபிடி கோட் கிடையாதா?

தாம்பரம்கோடர் – கேள்வி

மூத்தவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். சென்னையில் அமெரிக்க மருத்துவர்களுக்கான கோடிங் பணியில் (நோயையும் சிகிச்சையையும் காப்பீட்டு பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை; நோய்க்கு ஐசிடி-10-சிஎம் என்னும் டயக்னோசிஸ் கோட், செய்த சிகிச்சைக்குச் சிபிடி கோட்) நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். இதுவரை வெளிநோயாளர் வருகைகளை மட்டுமே பார்த்து வந்த என்னை மூன்று மாதங்களுக்கு முன்பு மகளிர் அறுவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். சென்ற வாரத் தணிக்கையில் ஒரே சார்ட்டில் (ஒரு நோயாளியின் மருத்துவப் பதிவில்) எனக்கு ஐந்து பிழைகள் விழுந்தன. அவற்றில் இரண்டு எனக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றன. அடையாளங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டுச் செய்தியை மட்டும் எழுதுகிறேன்.

நோயாளிக்கு வயது 68, காப்பீடு மெடிகேர் (அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு). பல ஆண்டுகளுக்கு முன்பே கருப்பை அகற்றப்பட்டவர். முன்சுவரிலும் ஒருமுறை அறுவை நடந்திருக்கிறது. இப்போது யோனியின் உச்சிப்பகுதி இறங்கியிருக்கிறது. முன்சுவரோடு சிறுநீர்ப்பையும் பின்சுவரோடு மலக்குடலும் சரிந்திருக்கின்றன. அறுவை மருத்துவர் யோனி வழியாகவே சென்று, உச்சியை இடுப்பறையிலுள்ள சேக்ரோஸ்பைனஸ் தசைநாரில் தைத்து நிறுத்தி, முன்சுவரையும் பின்சுவரையும் சீர்செய்திருக்கிறார். முன்சுவரைச் சிறுநீர்ப்பையிலிருந்து பிரிக்கும்போது பழைய தழும்பின் காரணமாகச் சிறுநீர்ப்பை சுமார் 1 சென்டிமீட்டர் திறந்துவிட்டதாகவும், அதை இரண்டு அடுக்குகளாகத் தைத்ததாகவும், பின்னர் சிஸ்டோஸ்கோப் (சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தபோது இரு சிறுநீர்க்குழாய்களிலிருந்தும் சிறுநீர் நன்றாக வந்ததாகவும், வடிகுழாயைப் பத்து நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் அறுவைக் குறிப்பின் உடற்பகுதியில் எழுதியிருக்கிறார். ஆனால் அதே குறிப்பின் தொடக்கத்தில் "சிக்கல்கள்: இல்லை" என்றும் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் அந்த அம்மையார் வலியோடு திரும்ப வந்தார். யோனிச் சுவரில் இரத்தம் கட்டியிருந்ததால் அதே மருத்துவர் அவரை மீண்டும் அறுவை அரங்குக்கு அழைத்துச் சென்று அதைத் திறந்து வடித்தார்.

முதல் நாளுக்கு 57282 (உச்சியை நிறுத்தியது), 57260 (முன்சுவர், பின்சுவர் சீரமைப்பு), அவற்றோடு தனி வேலை என்று காட்டும் 59 மாடிஃபையர் (கோடோடு சேர்க்கும் ஈரிலக்கக் குறி) போட்டு 51860 (சிறுநீர்ப்பைத் தையல்), அதே மாடிஃபையரோடு 52000 (சிஸ்டோஸ்கோப்பி) ஆகியவற்றைக் கொடுத்தேன். டயக்னோசிஸாக என்99.3 (கருப்பை அகற்றியபின் வரும் உச்சி இறக்கம்), என்81.11 (சிறுநீர்ப்பைச் சரிவு), என்81.6 (மலக்குடல் சரிவு) ஆகிய மூன்றையும் கொடுத்தேன். ஒன்பதாம் நாளுக்கு 79 மாடிஃபையருடன் (தொடர்பற்ற அறுவை என்று பொருள்) 57023 (யோனி இரத்தக்கட்டை வடித்தல்) கொடுத்தேன்.

தணிக்கையாளர் 51860-ஐயும் 52000-ஐயும் நீக்கச் சொன்னார், 79 தவறு என்றார், என்99.3-ஐயும் என்81 பிரிவையும் சேர்த்துக் கொடுத்தது தவறு என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, என்99.71 (அறுவையின்போது எதிர்பாராது நேர்ந்த உறுப்புக் காயம்) விடுபட்டுவிட்டது என்று ஐந்தாவது பிழையையும் குறித்தார். இந்த ஐந்தாவதுதான் எனக்குப் புரியவில்லை. காயம் ஏற்பட்டது என்று டயக்னோசிஸில் சொல்ல வேண்டுமாம். அதைத் தைத்ததற்குப் பணம் மட்டும் கேட்கக் கூடாதாம். காயம் உண்டென்றால் தையலும் உண்டல்லவா?

இன்னொரு சிறிய சார்ட்டும் இருக்கிறது. 2010-இல் வேறு மாநிலத்தில், வேறு மருத்துவரிடம், இறக்கத்துக்காக யோனி வழியாக மெஷ் (தாங்கு வலை) வைக்கப்பட்டவர். இப்போது அறுவைக் குறிப்பின் தலைப்பில் "மெஷ் எரோஷன்" என்றும், உள்ளே "முன்சுவரில் 1 சென்டிமீட்டர் அளவுக்கு மெஷ் யோனிக்குள் வெளித்தெரிகிறது" என்றும் இருக்கிறது. யோனி வழியாக அந்தப் பகுதியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். வைத்து இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டதால் டி83.711டி (T83.711D) கொடுத்தேன். அதுவும் தவறு என்கிறார்கள். வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மலைக்கோட்டை_ஆடிட் – பதில்

வணக்கம் சகோதரி. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தணிக்கையில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் தணிக்கையாளர் குறித்த ஐந்தில் மூன்றுக்கு நான் முழுமையாக உடன்படுகிறேன், ஒன்றுக்குப் பாதி உடன்படுகிறேன், கடைசியானதை அவர் குறித்த விதம் சரியில்லை என்று நினைக்கிறேன். முதல் சார்ட்டை மட்டும் இப்போது பார்க்கலாம்.

எளிதானது 52000. 2018 முதல் 57240, 57260, 57265 ஆகிய மூன்றின் விளக்கத்திலேயே, செய்யப்பட்டால் சிஸ்டோஸ்கோப்பியும் அதில் அடங்கும் என்று சேர்த்துவிட்டார்கள். அந்த வரி இல்லாவிட்டாலும், இடுப்பறைக்குள் நடக்கும் ஓர் அறுவையின் முடிவில் சிறுநீர்ப்பையும் சிறுநீர்க்குழாயும் நலமாக இருக்கின்றனவா என்று உறுதிசெய்யப் பார்ப்பது தனி வேலை அல்ல என்று என்சிசிஐ (எந்தெந்த கோட்களைச் சேர்த்து பில் செய்யக் கூடாது என்று சொல்லும் மெடிகேரின் விதித்தொகுப்பு) கொள்கைக் கையேடும் சொல்கிறது. ஆகவே 59 போட்டாலும் அது நிற்காது. போகிற போக்கில் இன்னொன்று: பின்சுவரோடு பெரினியத்தையும் சேர்த்துத் தைத்திருந்தால் அதற்காக 56810 போட வேண்டாம், அதுவும் 57260-க்குள் அடங்கியதுதான்.

51860-க்கு வருவோம். உங்கள் மனம் ஒப்பாத இடம் இதுதான் என்பது புரிகிறது. நீங்கள் இரண்டு கேள்விகளை ஒரே கேள்வியாகக் கருதுகிறீர்கள். டயக்னோசிஸ் கோட் "நோயாளிக்கு என்ன நேர்ந்தது" என்பதைச் சொல்கிறது. சிபிடி கோட் "எந்த வேலைக்காகத் தனியே ஊதியம் கேட்கிறோம்" என்பதைச் சொல்கிறது. முதலாவதை நிர்ணயிப்பது ஐசிடி-10-சிஎம் வழிகாட்டு நெறிகள்; இரண்டாவதை நிர்ணயிப்பது என்சிசிஐயும் குளோபல் விதியும் (அறுவைக்கான ஊதியத்திலேயே குறிப்பிட்ட காலப் பராமரிப்பும் அடங்கும் என்பது). அறுவையின்போது தம் கையாலேயே நேர்ந்த சிறுநீர்ப்பைக் கிழிசலை அதே மருத்துவர் அதே அமர்வில் தைத்தால், அந்தத் தையலுக்கு 51860-ஐயோ 51865-ஐயோ தனியே கேட்கக் கூடாது என்பது என்சிசிஐயின் நிலை. அந்த இரண்டு கோட்களும் விபத்தில் அடிபட்டோ வேறு வகையிலோ கிழிந்த சிறுநீர்ப்பையோடு வந்தவருக்காக உள்ளவை. வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் ஏணியைச் சாய்த்துக் கண்ணாடியை உடைத்துவிட்டால், கண்ணாடி உடைந்தது உண்மை. மாற்றிக் கொடுத்ததும் உண்மை. ஆனால் அந்தக் கூலி வீட்டுக்காரரின் கணக்கில் ஏறாது. உடைந்ததே இல்லை என்று எழுதுவதும் பொய்யாகிவிடும்.

சிலர் இந்த இடத்தில், வழக்கத்தைவிடக் கூடுதல் உழைப்பைக் காட்டும் 22 மாடிஃபையரைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். பழைய தழும்பு காரணமாகத் திசுக்களைப் பிரிக்க வழக்கத்தைவிட மிகுந்த நேரமும் உழைப்பும் ஆனது என்று மருத்துவர் விரிவாக எழுதியிருந்தால் அதை யோசிக்கலாம். கிழிசலைத் தைத்ததை மட்டும் காரணமாகக் காட்டி 22 கேட்பதை நான் என் தணிக்கையில் ஏற்பதில்லை.

இப்போது என்99.71. ஐசிடி-10-சிஎம் வழிகாட்டு நெறிகளின் முதற்பகுதியில், சிகிச்சையின் சிக்கல்களைப் பற்றிய பத்தியை எத்தனை முறை படித்தாலும் தகும். சிகிச்சையின்போதோ அதன் பின்னரோ நேர்வதெல்லாம் சிக்கல் அல்ல. சிகிச்சைக்கும் அந்த நிலைக்கும் காரண-காரியத் தொடர்பு இருக்க வேண்டும். அது மருத்துவ முறையில் பொருட்படுத்தத்தக்கதாக இருப்பதையும் ஆவணம் காட்ட வேண்டும். அந்தத் தொடர்பைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். "சிக்கல்" என்ற சொல்லையே அவர் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் குறிப்பின் உடற்பகுதி இந்த எல்லா வாயில்களையும் ஏறத்தாழக் கடந்துவிடுகிறது: பிரிக்கும்போது திறந்தது, இரண்டு அடுக்காகத் தைக்கப்பட்டது, பத்து நாள் வடிகுழாய் தேவைப்பட்டது. ஆனால் அதே மருத்துவர் மேலே "சிக்கல்கள்: இல்லை" என்றும் எழுதியிருக்கிறார். ஒரே குறிப்புக்குள் இரண்டு வரிகள் மோதும்போது எந்த வரி சரி என்று முடிவுசெய்யும் அதிகாரம் கோடருக்கும் இல்லை, தணிக்கையாளருக்கும் இல்லை. ஆகவே "என்99.71 விடுபட்டது" என்பதற்குப் பதிலாக, "மருத்துவரிடம் குவெரி (எழுத்து மூலம் கேட்கும் விளக்கம்) அனுப்பப்படவில்லை" என்பதுதான் உங்கள் மேல் விழுந்திருக்க வேண்டிய பிழை. மதிப்பெண் கணக்கில் இரண்டும் ஒன்றாகத் தோன்றலாம். வேலையில் இரண்டும் ஒன்றல்ல.

குவெரி எழுதும்போது மருத்துவரின் கையைப் பிடித்து ஒரு விடைக்கு இழுத்துச் செல்லக் கூடாது. "இது என்99.71 ஆகும் என்று உறுதிசெய்யவும்" என்று எழுதினால் அது குவெரியே அல்ல. குறிப்பில் உள்ள மூன்று செய்திகளையும் அப்படியே எடுத்துக்காட்டி, "சிறுநீர்ப்பை திறந்ததன் மருத்துவப் பொருளைத் தெளிவுபடுத்தவும்" என்று கேட்டு, எதிர்பாராது நேர்ந்த காயம், இந்த அறுவையின் இயல்பான பகுதி, வேறு விளக்கம், மருத்துவ நிலையில் முடிவுசெய்ய இயலவில்லை ஆகிய நான்கு வாய்ப்புகளையும் வையுங்கள். பணத்தைப் பற்றியோ தரப் புள்ளிகளைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் வரக் கூடாது.

ஒன்பதாம் நாள் இரத்தக்கட்டு இந்த அறுவையால் வந்தது. தொடர்பற்ற அறுவைக்கு உரிய 79 இங்கே எப்படி வரும்? 57023-க்கு 78 போடுங்கள். 57282-உம் 57260-உம் 90 நாள் குளோபல் கொண்டவை. முந்திய நாளையும் அறுவை நாளையும் சேர்த்தால் 92 நாட்கள். அந்த இடைவெளியில், திட்டமிடாமல், தொடர்புடைய காரணத்துக்காக, அதே மருத்துவர் அறுவை அரங்குக்குத் திரும்பினால்தான் 78. இதற்கு மெடிகேர் அறுவை நேரத்துக்குரிய பங்கை மட்டுமே தரும்; புதிய குளோபல் காலம் தொடங்காது, பழைய 90 நாட்களே ஓடிக்கொண்டிருக்கும். 79 போட்டால் புதிய காலம் தொடங்கிவிடும் என்பதால், அந்தப் பிழை ஒரு கிளெய்மோடு (காப்பீட்டுக் கோரிக்கையோடு) நிற்காமல் அடுத்த வருகைகளின் கணக்கையும் கெடுத்துவிடும். டயக்னோசிஸ் என்99.840 (அறுவைக்குப் பிந்திய இரத்தக்கட்டு); மருத்துவர் இரத்தக்கட்டை அறுவையோடு இணைத்து எழுதியிருக்கிறாரா என்பதை இங்கும் பாருங்கள்.

இதே இரத்தக்கட்டைச் சாதாரண அறையிலோ மருத்துவரின் சிகிச்சை அறையிலோ வடித்திருந்தால், மெடிகேரிடம் ஒரு காசும் கேட்க முடியாது. எந்த இடத்தில் நடந்தது என்பது அங்கே எந்த கோட் என்பதைவிட முக்கியம்.

டாக்டர்_வைகை – பதில்

நான் கோடர் அல்லேன். மதுரையில் மகளிர் மருத்துவம் பார்ப்பவள். என் உறவுப் பெண் ஒருத்தி இந்தத் துறையில் இருப்பதால் இங்கே அவ்வப்போது எட்டிப் பார்ப்பேன். மலைக்கோட்டை அவர்கள் விதிகளைச் சொல்லிவிட்டார். அந்த மருத்துவர் ஏன் மேலே "இல்லை" என்றும் கீழே ஒரு கிழிசலையும் எழுதினார் என்பதை நான் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் பெண்கள் "அடி இறங்கிவிட்டது" என்று ஒரே சொல்லால் சொல்வது உண்மையில் பல இறக்கங்களின் கூட்டு. முன்சுவர் சரிந்தால் அதை ஒட்டியிருக்கும் சிறுநீர்ப்பையும் கூடவே வரும். பின்சுவர் சரிந்தால் மலக்குடல் வரும். உச்சியில் கருப்பை இருந்தால் கருப்பையும், அது முன்பே அகற்றப்பட்டிருந்தால் யோனியின் மூடிய உச்சியும் இறங்கும். முன்சுவரைச் சீர்செய்ய, யோனித்தோலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே உள்ள தளத்துக்குள் நுழைந்து இரண்டையும் பிரித்தாக வேண்டும். முதல் அறுவையில் அந்தத் தளம் ஈரத்தாளைப் பிரிப்பதுபோலப் பிரியும். முன்பே ஒருமுறை தைக்கப்பட்ட இடத்தில் அந்தத் தளமே இருக்காது, தழும்புதான் இருக்கும். அங்கே சிறுநீர்ப்பை திறந்துவிடுவது கவனக்குறைவின் அடையாளம் அல்ல. உடனே கண்டுபிடித்து, கசிவில்லாமல் இரண்டு அடுக்காகத் தைத்து, சிறுநீர்க்குழாய்களின் வாய்கள் தப்பியிருக்கின்றனவா என்று பார்த்து, சில நாட்கள் வடிகுழாய் வைத்துச் சிறுநீர்ப்பைக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் நன்றாக ஆறிவிடும். கண்டுபிடிக்காமல் விட்டால்தான் பின்னாளில் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே ஃபிஸ்டுலா என்னும் துளைவழி உண்டாகி, அந்தப் பெண் ஓயாமல் நனைந்துகொண்டே இருக்கும் துன்பம் வரும்.

ஆகவே அந்த மருத்துவர் மனத்தில் "சிக்கல்" என்பது விளைவு கெட்டுப்போனதைக் குறிக்கிறது. உங்கள் புத்தகத்தில் அது நேர்ந்த நிகழ்வைக் குறிக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, வேறொரு மொழி பேசுகிறார். போதாக்குறைக்கு, அந்த வரி பல இடங்களில் வார்ப்புருவில் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். அறுவை முடித்துக் களைத்து வருபவர் அதை மாற்ற மறந்துவிடுவதும் உண்டு. இதை மனத்தில் வைத்து குவெரியைக் குற்றஞ்சாட்டும் தொனி இல்லாமல் எழுதினால் பதில் விரைவில் வரும்.

இன்னோர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சேக்ரோஸ்பைனஸ் தசைநாரில் தையல் போட்டபின் அந்தப் பக்கத்துப் பிட்டத்தில் வலி வருவது மிகவும் சாதாரணம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே குறைந்துவிடும். அறுவை முடிந்த இரவு சிறுநீர் கழிக்கச் சிரமப்படுவதும் அப்படித்தான். செவிலியர் குறிப்பில் "பிட்ட வலி" என்று பார்த்தவுடன் அதை அறுவையின் சிக்கலாகக் கோட் செய்துவிடாதீர்கள். அதே வலி ஆறாமல், காலில் இறங்கி, தையலை எடுக்க வேண்டிய நிலை வந்தால் அது வேறு கதை. அப்போது மருத்துவரே அப்படி எழுதுவார்.

கோவை_டினயல் – பதில்

மறுக்கப்பட்ட கிளெய்ம்களை மீட்பது என் வேலை. அதனால் மேலே உள்ளவர்கள் தொடாத என்99.3 விவகாரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என்81 பிரிவின் தலைப்பிலேயே எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பு (இவற்றைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பது) இருக்கிறது; கருப்பை அகற்றியபின் வரும் யோனி உச்சி இறக்கமாகிய என்99.3 அதில் இடம்பெறுகிறது. பிரிவுத் தலைப்பில் இருப்பதால் என்81.11-க்கும் என்81.6-க்கும் சேர்ந்தே அது பொருந்தும். கிளெய்ம் மென்பொருள் இதைப் பார்த்தவுடன் கொடி தூக்கும். ஆனால் உடற்கூற்றைப் பார்த்தால் உச்சி இறக்கம் ஓரிடம், சிறுநீர்ப்பைச் சரிவு வேறோர் இடம். 57282 முதலாவதற்கும் 57260 மற்றவற்றுக்கும் செய்யப்பட்டது. என்99.3 ஒன்றை மட்டும் கொடுத்தால் 57260 எதற்கு என்று கேட்பார்கள். என்81 மட்டும் கொடுத்தால் 57282 எதற்கு என்று கேட்பார்கள். இந்த இரட்டை இடுக்கியில் மாட்டாத மகளிர் அறுவைக் கோடர் யாரும் இருக்க மாட்டார்.

வழிகாட்டு நெறி ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது: இரண்டு நிலைகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவையானால், எக்ஸ்க்ளூட்ஸ்1 குறிப்பையும் மீறி இரண்டையும் கொடுக்கலாம், தொடர்பு உண்டா இல்லையா என்பது தெளிவாக இல்லாவிட்டால் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஆகவே உங்கள் தணிக்கையாளர் "தவறு" என்று அறுதியிட்டுச் சொன்னதை நான் "ஆதாரமின்றிக் கொடுக்கப்பட்டது" என்று மாற்றிச் சொல்வேன். எப்படியும் ஒரு குவெரி அனுப்பத்தான் போகிறீர்கள். இரண்டாவது கேள்வியாக இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப்பைச் சரிவு நடுப்பகுதியிலா பக்கவாட்டிலா என்பதும் குறிப்பில் தெளிவாக இருக்கட்டும். நடுப்பகுதி என்றால் என்81.11, பக்கவாட்டு என்றால் என்81.12, எதுவுமே சொல்லாவிட்டால் என்81.10. பக்கவாட்டுப் பிளவை யோனி வழியே சரிசெய்திருந்தால் 57285 வரும்; அதை 57240-உடனோ 57260-உடனோ சேர்க்க முடியாது. அங்கே சிபிடியே மாறிவிடும்.

கருப்பை இன்னும் உள்ளே இருக்கும் நோயாளிகளிடம் இந்தத் தொல்லை வேறு வடிவில் வரும். கருப்பை இறக்கத்தோடு சேர்ந்த சிறுநீர்ப்பைச் சரிவு என்81.1-க்குள் போகாது, முதல் அல்லது இரண்டாம் நிலை இறக்கமானால் என்81.2, முழுமையாக வெளியே வந்துவிட்டால் என்81.3. புதிதாக வருபவர்கள் கண்ணில் பட்ட ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு கோட் சேர்த்துக்கொண்டே போவார்கள்.

மலைக்கோட்டை அவர்கள் சொன்னதில் ஒரு சிறு சேர்க்கை. அறுவை அரங்குக்குத் திரும்பாத சிக்கல்களுக்குப் பணம் இல்லை என்பது மெடிகேர் விதி. சிபிடியின் அறுவைத் தொகுப்பு விளக்கம் வழக்கமான பின்பராமரிப்பை மட்டுமே உள்ளடக்குகிறது. ஆகவே சில தனியார் காப்பீட்டாளர்கள் சிக்கலுக்கான வருகைகளைத் தனியே ஏற்பதுண்டு. சார்ட்டைத் திறந்தவுடன் காப்பீட்டாளர் யார் என்று முதலில் பாருங்கள். என்சிசிஐ அட்டவணை ஒவ்வொரு காலாண்டிலும் மாறுவதால் 57282-57260 போன்ற இணைகளை அறுவை நடந்த தேதிக்குரிய அட்டவணையில்தான் சரிபார்க்க வேண்டும். போன ஆண்டு மனப்பாடம் செய்ததை நம்பி நான் இழந்த முறையீடுகள் ஏராளம்.

தாம்பரம்கோடர் – பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளையடிப்பவர் உதாரணத்தைப் படித்தபின்தான் எனக்கு முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு கேள்விகளையும் ஒரே குவெரியில், டாக்டர் சொன்ன தொனியில் எழுதி அனுப்பிவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும். சிறுநீர்ப்பையை மகளிர் மருத்துவர் தைக்காமல், அரங்குக்கு அழைக்கப்பட்ட சிறுநீரகவியல் மருத்துவர் தைத்திருந்தால் அப்போதும் 51860 கிடையாதா? மெஷ் சார்ட்டைப் பற்றியும் நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள்.

மலைக்கோட்டை_ஆடிட் – பதில்

என்சிசிஐயின் இணைத் தடைகள் ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் ஒரே மருத்துவர் செய்தவற்றுக்கு உரியவை. ஒரே குழுவில் ஒரே சிறப்புத்துறையில் இருப்பவர்களை ஒரே மருத்துவராகவே கருதுவார்கள். அழைக்கப்பட்டவர் வேறு சிறப்புத்துறையைச் சேர்ந்தவராக இருந்து, தாம் செய்ததைத் தம் பெயரில் தனிக் குறிப்பாக எழுதியிருந்தால், அவர் தம் வேலைக்கு பில் செய்ய வழி உண்டு. கண்ணாடியை உடைத்தவர் ஒருவர், மாட்டிக் கொடுத்தவர் இன்னொருவர். மகளிர் மருத்துவரின் குறிப்பில் "அவர் வந்து தைத்தார்" என்ற ஒரு வரி மட்டும் இருந்து, அவருடைய சொந்தக் குறிப்பு இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

மெஷ் சார்ட்டில் முதலில் கடைசி எழுத்தைத் தீர்த்துவிடலாம். ஏழாவது எழுத்தாகிய ஏ (தீவிர சிகிச்சை), டி (பின்தொடர் பராமரிப்பு), எஸ் (பின்விளைவு) ஆகியவற்றை நாட்காட்டியைப் பார்த்துப் போடக் கூடாது. சிக்கலுக்கான கோட்களில் "தீவிர சிகிச்சை" என்பது அந்தக் கோட் குறிக்கும் நிலைக்கான சிகிச்சையையே சுட்டும். அதற்கு மூலமான அறுவை எவ்வளவு காலத்துக்கு முன்பு நடந்திருந்தாலும், யார் செய்திருந்தாலும் அதுவல்ல கணக்கு. இந்தப் பெண்மணிக்கு வெளித்தெரியும் மெஷை இப்போதுதான் வெட்டி எடுக்கிறார்கள் என்பதால் அது ஏ. அறுவை ஆறி, பின்பரிசோதனைக்கு வரும்போது டி. இதில் தடுமாறாதவர்கள் குறைவு. நானும் தொடக்கத்தில் தடுமாறினேன்.

711-ஆ 721-ஆ என்பதுதான் உண்மையான கேள்வி. டி83.711 மெஷ் சுற்றியுள்ள உறுப்பையோ திசுவையோ அரித்து உட்புகுந்ததைக் குறிக்கிறது, டி83.721 யோனிக்குள் வெளித்தெரிவதைக் குறிக்கிறது. மருத்துவர்களோ பல ஆண்டுகளாக இரண்டுக்கும் "எரோஷன்" என்ற ஒரே சொல்லையே சொல்லி வருகிறார்கள். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே, பன்னாட்டு யூரோகைனகாலஜி சங்கமும் பன்னாட்டுக் கான்டினன்ஸ் சங்கமும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட சொற்றொகுதி, "எரோஷன்" என்ற சொல்லைக் கைவிட்டு, வெளித்தெரிதல், பிதுங்குதல், துளைத்தல் என்று பிரித்துச் சொல்லப் பரிந்துரைத்தது. ஐசிடி பழைய சொல்லையும் வைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் சார்ட்டின் தலைப்பு ஒன்றையும் உள்ளடக்கம் மற்றொன்றையும் சொல்வதால், டி83.721ஏ என்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று நான் நினைத்தாலும், இதற்கும் ஒரு வரிக் குவெரி அனுப்புவதுதான் முறை.

வெட்டி எடுத்ததற்கு 57295. மெஷை முதலில் எந்த வழியாக வைத்தார்கள் என்பது இங்கே பொருட்டல்ல; எந்த வழியாக எடுத்தார்கள் என்பதே பொருட்டு. வயிற்றைத் திறந்து எடுத்திருந்தால் 57296, லேப்ராஸ்கோப் வழியாக எடுத்திருந்தால் 57426. சிறுநீர்க் கசிவுக்காக வைத்த ஸ்லிங்கானால் (தாங்கு பட்டையானால்) இவை எதுவும் இல்லை, 57287. ஸ்லிங்கையும் இறக்கத்துக்கான மெஷையும் ஒன்றென்று எண்ணி மாற்றிப் போடுவதை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன்.

2010-இல் வைத்தது என்பதும் வியப்பல்ல. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-இல் முதல் அறிவிப்பை வெளியிட்டது. 2011 ஜூலையில், யோனி வழியாக இறக்கத்துக்கு வைக்கும் மெஷின் கடும் சிக்கல்கள் அரிதானவை அல்ல என்று எச்சரித்தது. 2016 ஜனவரியில் அவற்றை மூன்றாம் வகுப்புக்கு உயர்த்தியது. 2019 ஏப்ரல் 16 அன்று சந்தையில் எஞ்சியிருந்த இரண்டு நிறுவனங்களையும் விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆணை விற்பனைக்குத்தான், உள்ளே வைக்கப்பட்டவை உள்ளேதான் இருக்கின்றன. ஆகவே 57295 இன்னும் பல ஆண்டுகள் உங்கள் மேசைக்கு வந்துகொண்டிருக்கும். மறுபுறம், அண்மைய சார்ட்டில் யாராவது 57267 (யோனி வழியாக மெஷ் வைத்தல்) போட்டிருந்தால் அறுவைக் குறிப்பை இரண்டு முறை படியுங்கள். ஸ்லிங்கை மெஷாகக் கருதியிருக்கலாம், அல்லது வயிற்று வழியாக சேக்ரமில் (முதுகெலும்பின் அடிப்பகுதி எலும்பில்) உச்சியை நிறுத்திய அறுவையின் மெஷாக இருக்கலாம். பின்னதில் மெஷ் 57280-லும் 57425-லும் ஏற்கெனவே அடக்கம். ஸ்லிங்குகளும் அந்த வயிற்று வழி மெஷ்களும் 2019 ஆணைக்குள் வரவும் இல்லை.

தாம்பரம்கோடர் – பதில்

பதினோரு நாட்கள் கழித்து எழுதுகிறேன். பின்னாளில் இதே ஐயத்தோடு வருபவர்களுக்குப் பயன்படலாம்.

முதல் குவெரிக்கு மருத்துவர் கூடுதல் குறிப்பே எழுதிவிட்டார். முந்திய அறுவையின் தடித்த தழும்பில் பிரிக்கும்போது சிறுநீர்ப்பை எதிர்பாராது திறந்தது என்றும், அது அறுவையின் இயல்பான பகுதி அன்று என்றும், தைப்பும் நீடித்த வடிகுழாயும் அதனால்தான் தேவைப்பட்டன என்றும் தெளிவாக இருக்கிறது. என்99.71 சேர்த்துவிட்டேன், 51860-உம் 52000-உம் போய்விட்டன. இரத்தக்கட்டு சார்ட்டில் 57023-78, என்99.840. தணிக்கையாளரிடம் நெறியின் பத்தியைக் காட்டிப் பேசினேன். ஐந்தாவது பிழையை "குவெரி விடுபாடு" என்று மாற்றிக்கொண்டார். மதிப்பெண் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

மெஷ் சார்ட்டின் மருத்துவர், "யோனிக்குள் வெளித்தெரிந்தது, வேறு உறுப்பில் புகவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். டி83.721ஏ, அதோடு 57295.

என்99.3-ஐயும் என்81-ஐயும் பற்றிய இரண்டாவது கேள்விக்கு மட்டும் முதல் சார்ட்டின் மருத்துவர் எழுதிய முழுப் பதில் "பார்த்தேன்" என்ற ஒரே சொல். அதற்கு மேல் எதையும் ஊகிக்க முடியாததால், அந்தக் கேள்வியைத் தனியாக மீண்டும் அனுப்பி, கிளெய்மை நிறுத்தி வைத்திருக்கிறேன்.